உரிமம் இருந்தும் சந்தேகம்: துப்பாக்கி, சாதி, விதி 3

சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார். ஊரில் அவரை 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போது ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கி ஏந்திய காவலாளி. சொந்தத் துப்பாக்கியும் சொந்த லைசென்ஸும் இருந்ததால்தான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. ஆகவே தினமும் காலையில் இரட்டைக் குழல் துப்பாக்கியை கான்வாஸ் உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, தோட்டாக்களைத் தனிப் பையில் வைத்து, லைசென்ஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து திரும்பும்போது அவரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். 'காலனிக்காரன் ஒருத்தன் துப்பாக்கியோட ஊருக்குள்ள வர்றான்' என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம். லைசென்ஸ் சரியாக இருந்தது. துப்பாக்கியின் எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தன. தோட்டாக் கணக்கும் சரி. ஆனாலும் "எதுக்குய்யா உனக்கு இது?" என்ற கேள்வி மட்டும் தீரவே இல்லை.

அதே மாதம் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில், ஊர்ப் பெரியவர் ஒருவர் உறையில்லாத துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாமி ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள் அவருக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவரிடமும் லைசென்ஸ் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

மிலிட்டரிக்காரர் எங்களிடம் சொன்னது இது: "தம்பி, பட்டாளத்துல பதினேழு வருஷம் துப்பாக்கி தூக்கினேன். எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கல. ஊருக்கு வந்ததும் கேக்குறான்."

இந்த இரண்டு பேரில் சட்டத்தை மீறியவர் யார்? இதற்கு நம்மில் பலருக்கும் பதில் தெரியாது. துப்பாக்கிச் சட்டம் நமக்குத் தேவையில்லாத பாடம் என்று நினைத்து ஒதுங்கியிருக்கிறோம். அந்த ஒதுங்கல் யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2016 விதிகளில் விதி 32 பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோகும் முறையைச் சொல்கிறது. கைத்துப்பாக்கி என்றால் உடலோடு சேர்த்துக் கட்டிய உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். நீளமான துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டை விட்டு அது விலகக் கூடாது. பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதும் சுடுவதும் தடை. மீறினால் லைசென்ஸை ரத்து செய்து ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

லைசென்ஸ் படிவத்திலேயே இன்னொரு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கிறது. தனியாக அனுமதி வாங்காமல், சந்தைக்கோ, மத ஊர்வலத்துக்கோ, பொதுக் கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்கோ துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது. நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். கொண்டாட்டத்துக்காகச் சுட்டு யார் உயிருக்காவது ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது 2019 திருத்தத்தில் சேர்ந்தது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இன்னும் ஒன்று உண்டு. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரம் முழுக்க சரணாலயம்; 2021 முதல் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 'தோப்புக்குப் பன்றி வருகிறது' என்று துப்பாக்கியை ஜீப்பில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் போகிற பெரிய பண்ணைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். மிலிட்டரிக்காரர் ஒரு விதியையும் மீறவில்லை. ஊர்ப் பெரியவர் உறை போடாதது ஒரு மீறல். மத ஊர்வலத்துக்குக் கொண்டுபோனது இன்னொரு மீறல். ஆனால் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் மிலிட்டரிக்காரர்.

'நியாயமான சந்தேகம்'

இது ஒரு காவலரின் தனிப்பட்ட தவறு என்று விட்டுவிட முடியாது. ஆயுதச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆயுதத்தோடு போகிறவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைக் காவலருக்குத் தருகிறது. அது சரி. 20ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் ஆயுதம் கொண்டுபோகும் விதமோ சூழ்நிலையோ நியாயமான சந்தேகத்தை எழுப்பினால், பிடி ஆணை இல்லாமலே அவரைக் கைது செய்யலாம்.

'நியாயமான சந்தேகம்' என்றால் என்ன? சட்டம் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது. நம் ஊரில் அந்தக் காலி இடத்தைச் சாதி நிரப்புகிறது. பண்ணையார் வீட்டுச் சுவரில் தொங்கும் துப்பாக்கி கௌரவம். சேரிக்குள் வரும் துப்பாக்கி கலவரத்துக்கான அறிகுறி. சட்டப் புத்தகத்தில் ஒரே லைசென்ஸ்தான். தெருவில் இரண்டு லைசென்ஸ்கள் இருக்கின்றன.

இதற்கு வரலாறு உண்டு. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய பிறகு, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஆங்கிலேய அரசு தென்தமிழகத்தில் பிரகடனம் செய்தது. 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்த சட்டம் அது. நம்மவர்களைப் படையில் சேர்த்து வெற்றிகளை வாங்கிக்கொண்ட ஆங்கிலேய அரசு, பிறகு 'போர்க்குடி' என்று ஒரு பட்டியல் போட்டு, 1890களில் மகர்களைப் படைக்குச் சேர்ப்பதை நிறுத்தியது. சுபேதார் ராம்ஜியின் மகனான அண்ணல் அம்பேத்கர் அந்த அவமானத்தை அறிந்து வளர்ந்தவர்.

பழைய கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால் குடகு மாவட்டத்தைப் பாருங்கள். கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் கட்டாயத்திலிருந்து இன்றும் விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இந்த விலக்கை ஒன்றிய அரசு 2019இல் 2029 வரை நீட்டித்தது. இதை எதிர்த்த வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் மேல் நமக்கு எந்தப் பகையும் இல்லை. 'ஆயுத விஷயத்தில் சாதியைப் பார்க்கக் கூடாது' என்று நம்மிடம் வந்து பாடம் எடுப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறோம். பிறந்த இனத்தைப் பார்த்துத் துப்பாக்கிக்கு விலக்குத் தரும் ஏற்பாடு இந்தக் குடியரசில் நடைமுறையில் இருக்கிறது.

விதி 3: நமக்கான சட்டம்

நம் தோழர்களில் பலர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்வார்கள். ஆனால் 1995இல் வந்த அதன் விதிகளில் விதி 3ஐப் பேசுபவர்கள் குறைவு. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்று அது தொடங்குகிறது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போய் நிலைமையை ஆராய வேண்டும். அதன் பிறகு வருவதைக் கவனமாகப் படியுங்கள். தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸ்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து, அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் அடுத்தது: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும்.

கீழ்வெண்மணிக்கு 1968 டிசம்பர் 25 இரவில் பண்ணையார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து போனார்கள். காரும் நிலமும் உள்ளவர்கள் இப்படியொரு காரியத்தில் நேரடியாக இறங்கியிருப்பார்களா என்று 1973இல் உயர் நீதிமன்றம் ஐயப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அன்று விதி 3 இல்லை. பிறகு அது 1995 மார்ச் 31இல் வந்தது. வந்த ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 31 அன்று, கொடியன்குளத்தில் காவல்துறையே புகுந்து வீடுகளைச் சூறையாடியது. விதியை அமல்படுத்த வேண்டியவர்களே அப்படி நடந்துகொண்டால் விதியை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் நமக்குத் துப்பாக்கி வேண்டுமா?

இந்தக் கேள்வியை எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் நேரடியாகவே கேட்டார். "அவங்ககிட்ட இருக்குன்னா நாமளும் வாங்கிட வேண்டியதுதானே?"

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் நாங்கள் அவருக்கு மேலவளவைச் சொன்னோம். 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடைய தோழர்களும் மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை மறித்து முருகேசனோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றது அரிவாள். விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகள் ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் ஆயுதமே அல்ல. அரிவாளுக்கு எந்த லைசென்ஸும் வேண்டாம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருவர் கையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் ஆறு உயிரும் தப்பியிருக்குமா? எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டியது அரசு. அந்தப் பொறுப்பை ஒரு லைசென்ஸ் காகிதத்தில் எழுதி நம் கையில் கொடுத்துவிட்டு அரசு கை கழுவிக்கொள்ள விடக் கூடாது.

அதே 1997இல்தான் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் வந்தது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. ஒரு பெயரைச் சுமந்த பஸ்ஸையே பொறுக்க முடியாத மண்ணில்தான் நம் மிலிட்டரிக்காரர் தினமும் துப்பாக்கியோடு பஸ் ஏறுகிறார்.

அமெரிக்காவின் கறுப்பின மக்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். 1956இல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுக்கவில்லை. 1960களில் பிளாக் பாந்தர்கள் கலிஃபோர்னியாவில் சட்டம் அனுமதித்தபடியே வெளிப்படையாகத் துப்பாக்கியோடு நடந்தார்கள். 1967இல் அங்கே சட்டத்தையே மாற்றி, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடப்பதைத் தடை செய்தார்கள். ஒடுக்கப்பட்டவர் கைக்கு வரும்போது மட்டும் ஆயுதம் ஆபத்தாகத் தெரிவது சாத்தூருக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

ஆகவே எங்கள் நிலை இதுதான். விதி 3இல் உள்ள வரிசையே நம் கோரிக்கையின் வரிசையாக இருக்க வேண்டும். முதலில் ஆதிக்கத்தின் கையில் உள்ள துப்பாக்கியைக் கீழே வை. பிறகு கள்ளத் துப்பாக்கியைப் பிடி. அதற்குப் பிறகும் ஒரு குடும்பத்துக்கு உண்மையான அச்சுறுத்தல் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு லைசென்ஸ் கொடு. கடைசிப் படியை மட்டும் பிடித்துத் தொங்கினால் நாம் இன்னொருவரின் ஆட்டத்தைத்தான் ஆடுவோம்.

சிவகாசி சொல்லிக் கொடுத்த பாடம்

லைசென்ஸ் என்றால் என்ன என்று பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'நாக்பூர் லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எந்த வண்டியில் எவ்வளவு சரக்கு என்று எல்லாவற்றுக்கும் நிபந்தனை உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் குடோனில் வண்டிக்குச் சரக்கு ஏற்றும் நேரத்தில் தீப்பிடித்து, பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்து, பட்டாசோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பேரில். உள்குத்தகை இன்னொருவர் பேரில். சாவு கூலிக்கு வந்தவர் பேரில்.

எந்த லைசென்ஸுக்கும் உயிர் அதன் நிபந்தனைகளில்தான் இருக்கிறது. நிபந்தனையைக் கேட்க ஆளில்லாத ஊரில் லைசென்ஸ் என்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பு, கூலிக்காரர்களுக்குக் குழி. வெடிமருந்து லைசென்ஸில் நாம் கண்ட இந்த உண்மை துப்பாக்கி லைசென்ஸுக்கும் அப்படியே பொருந்துகிறது.

என்ன செய்யலாம்?

நம்மில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக முன்னாள் ராணுவத்தினருக்கும் காவலாளிகளுக்கும்: நம்மவர் செய்யும் சிறு தவறும் பெரிய வழக்காகும். ஆகவே உறை எப்போதும் மூடியிருக்கட்டும். குண்டு நீக்கிய பிறகே வெளியே எடுங்கள். தோட்டா தனியாக இருக்கட்டும். லைசென்ஸ் அசல் கையில், நகல் வீட்டில். லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும்; தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் செங்கோட்டை தாண்டிக் கேரளத்து வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வழியில் கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ துப்பாக்கியை வைத்துவிட்டு நகராதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லி, குண்டு நீக்கி, பதிவு செய்யும் சாமானோடுதான் அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதைத் தவறவிடாதீர்கள். தேர்தல் நேரத்தில் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னால், வங்கிக் காவல் வேலைக்கு விலக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம். ஆயுதத்தை எடுத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள். எங்களுக்கோ ஒரு வழக்கறிஞருக்கோ உடனே சொல்லுங்கள்.

லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு: போதுமான சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 'உனக்கு எதுக்கு?' என்பது சட்டம் ஏற்கும் காரணம் அல்ல.

மாணவர்களுக்கு: பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். மாவட்டத்தில் எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்கள் நடப்பில் உள்ளன? விதி 3இன்படி எந்தெந்தப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன? அங்கே எத்தனை லைசென்ஸ்கள் ரத்தாயின? விதி 32ஐ மீறியதற்காக எத்தனை நடவடிக்கைகள்? 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் வையுங்கள். ஆட்சியர் தலைமையிலான அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது அதே 1995 விதிகளின் விதி 17. திருவிழாவிலோ ஊர்வலத்திலோ உறையில்லாத துப்பாக்கியைக் கண்டால் மோதலுக்குப் போகாதீர்கள். தேதி, நேரம், இடம் குறித்துக்கொண்டு, கூட்டாகக் கையெழுத்திட்டு ஆட்சியருக்கும் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியாக ஒருவர் பெயரில் அனுப்ப வேண்டாம்.

மிலிட்டரிக்காரரை போன வாரம் மறுபடி பார்த்தோம். அதே உறை, அதே பஸ். விதி 32ஐத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து, லைசென்ஸ் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே வைத்தார். "அடுத்த தடவை கேட்டா இதையும் சேத்துக் காட்டுறேன்" என்றார்.

அவர் காட்டட்டும். அந்த ஊர்வலத்துத் துப்பாக்கிக்கும் அதே தாளைக் காட்டுவது நம் வேலை.

ஜெய்பீம்.